நட்டு உட்காரும் இடம்



போன தை மாதம் மைத்துனருடைய ஹோண்டா சிட்டியில் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நாலு சக்கரத்துக்கும் புது அலாய் வீல் போட்டிருந்தார். மதுராந்தகம் தாண்டியதும் இடது பின்சக்கரத்தில் ஒரு சத்தம். டொக், டொக் என்று, வேகத்தோடு கூடிக் குறைந்தது. "டயரில் கல் ஏதாவது மாட்டியிருக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓரங்கட்டச் சொல்லி இறங்கினேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலால் திருகியதும் நட்டு சுழன்றது. நாலு நட்டில் மூன்று அப்படி.

சக்கரத்தைக் கழற்றி நட்டு இறங்கும் குழிகளைப் பார்த்தேன். புனல் மாதிரி சரிவான குழி. அந்தச் சரிவின் நடுவில், கூர்சீவிய பென்சிலால் வரைந்தது போல ஒரே ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தது. வளையத்துக்கு மேலும் கீழும் பெயிண்ட் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. நட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் கோலிக்குண்டைப் பாதியாக வெட்டியது போல உருண்டை.

கோளாறு அங்கேதான். ஹோண்டா கம்பெனி தன் சக்கரங்களுக்குத் தருவது உருண்டை அடி கொண்ட நட்டு. கம்பெனி சக்கரத்தின் குழியும் அதற்கேற்ற கிண்ணமாக இருக்கும். வெளிச்சந்தையில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழி 60 டிகிரி கூம்பு. மாட்டியவர் பழைய நட்டுகளையே போட்டு இறுக்கிவிட்டார். நட்டு தடையில்லாமல் இறங்கியது, இறுகியது, வண்டியும் ஓடியது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரை சரியாக இருந்தால் நட்டு சரி என்று நாம் நம்பிவிடுகிறோம். நான் இன்று உங்களிடம் பேச வந்தது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

காரின் எடையை நட்டு ஏறும் நாலு மரைத்தண்டும், அதாவது ஸ்டட்டும்தான் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக இறுக்கிய சக்கரத்தில் நடப்பது வேறு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மயிரிழையளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் அல்லவா, அந்த இழுப்பு சக்கரத்தை அதன் பின்னால் இருக்கும் ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நழுவாமல் பிடித்திருக்கிறது. சிட்டிக்குச் சொல்லப்பட்ட அளவு 108 நியூட்டன் மீட்டர். அந்த அளவுக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டில் மட்டும் ஏறத்தாழ நாலரை டன் இழுவிசை உண்டாகும். அது குழியின் சரிவு முழுக்கப் பரவினால் அலுமினியம் தாங்கிக்கொள்ளும். பென்சில் கோடு அகலமுள்ள ஒரு வளையத்தில் குவிந்தால் உலோகம் அமுங்கிக்கொடுக்கும். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதில் சிறு பங்கு அமுங்கினாலே ஸ்டட்டின் நீட்சி போய்விடும். பிறகு சாலையின் அதிர்வே நட்டைச் சுழற்றிவிடும்.

ஆகவே அலாய் வாங்கும்போது முதல் கேள்வி: "இதுக்கு என்ன சீட்?" நட்டு உட்காரும் இடத்துக்குத்தான் சீட் என்று பெயர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, சக்கரத்தையும் நட்டையும் கையில் வாங்கி, நட்டைக் குழியில் வைத்துப் பாருங்கள். கூம்புக்குக் கூம்பு, கிண்ணத்துக்கு உருண்டை. டொயோட்டாவின் கம்பெனி அலாய்களில் மூன்றாவது வகை ஒன்று உண்டு: தட்டையான வாஷரும் அதற்குக் கீழே நீண்ட கழுத்துமாக இருக்கும். அதையும் கூம்புக் குழியில் போடக்கூடாது.

மரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டா சிறு கார்களில் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5. மாருதியில் அதே 12, ஆனால் இடைவெளி 1.25. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. தப்பான நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறி நிற்கும். அங்கே நட்டு இறுக்கும் கன்னை வைத்து அழுத்தினால் மரை அழிந்துவிடும். அதனால் எந்த நட்டையும் முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். 1.5 மரையில் அது 8 முழுச் சுற்று, 1.25 மரையில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு நட்டே கிடையாது, போல்ட்தான். அங்கே நீளம் கூடினாலும் ஆபத்து. உள்ளே நீட்டிக்கொண்டு பிரேக் பாகங்களில் இடிக்கும்.

சில அலாய்களில் நட்டுக் குழி குறுகல். ஸ்பேனர் உள்ளே போகாது. அதற்காகவே மெலிந்த உடம்பில் பல் வெட்டிய நட்டுகள் வருகின்றன, தனிச் சாவியால் திருக வேண்டியவை. சாவியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் நடுவழியில் பஞ்சர்காரர் கையைப் பிசைவார். சிவப்பு, நீலம் என்று சாயமேற்றிய அலுமினிய நட்டுகளும் கண்ணைக் கவரும். தினமும் ஓடும் காருக்கு நான் எஃகுதான் சொல்வேன். எஃகிலும் மேலே தகடு போர்த்திய நட்டு வேண்டாம். உள்ளே ஈரம் இறங்கித் துரு பிடித்தால் தகடு உப்பும், ஸ்பேனர் நுழையாது.

"துரு பிடிக்காம இருக்கட்டும்" என்று சில இடங்களில் ஸ்டட்டில் கிரீஸ் தடவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வழவழப்பு கூடினால் அதே 108-இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். மரை சுத்தமாக, உலர்ந்து இருந்தால் போதும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி ஏற்றி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். புது அலாய் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை அதே அளவுக்குச் சரிபாருங்கள்.

அன்றைக்கு நட்டுகளைக் கையால் இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். அங்கே 16 கூம்பு நட்டு வாங்கி மாட்டினோம். கடைக்காரப் பையன் பழைய நட்டுகளை இரும்புக் கூடையில் போடப் போனான். "தம்பி, அதுல நாலு எனக்கு வேணும்" என்று தடுத்தேன். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரம். அதன் குழி இன்னமும் கிண்ணம்தான், கூம்பு நட்டு அதில் சரியாக உட்காராது. நாலு உருண்டை நட்டையும் ஒரு மஞ்சள் பையில் முடிந்து, "ஸ்டெப்னிக்கு மட்டும்" என்று சீட்டு எழுதி, ஜாக்கி பக்கத்தில் வைத்தேன். மைத்துனர் கார் டிக்கியில் அந்தப் பை இன்றும் இருக்கிறது.