ஆறு பேர், ஒரு பகடை



ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் மாதம் ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. தமிழக அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டியது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம், அறைக்கு ஆறு பேர். ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்து வாடகை வீடுகளிலும் இதே கதைதான். ஒருத்தி தருமபுரி, ஒருத்தி திருவண்ணாமலை, இன்னொருத்தி ஒடிசா.

ஆறு பேர் சேர்ந்தால் அதில் ஒருத்தி வாயே திறக்கமாட்டாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம், சாப்பாட்டு மேஜையில் கடைசி. முதல் மாதம் கூச்சம் என்பார்கள், அடுத்த மாதம் திமிர் என்பார்கள், அப்புறம் உம்மணாமூஞ்சி என்று பெயரே வைத்துவிடுவார்கள். அவளுக்கு ஆட்டிசம் இருக்கலாம். திக்குவாயாக இருக்கலாம். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறவளாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

அவளும் உட்காரக்கூடிய ஒரு விளையாட்டைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதற்கு முன்னோடி. இந்த வகை விளையாட்டை ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கு, உள்ளே யாரோ அழுகிற சத்தம். நீ என்ன செய்யப்போறே?" என்று கதை நடத்துபவர் கேட்பார். நீங்கள் சொன்னது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஜெயிப்பது தோற்பது பெரும்பாலும் கிடையாது, எல்லோரும் ஒரே அணி.

பேச வராதவருக்கு இது எப்படி உதவும் என்று கேட்பீர்கள். சாதாரண அரட்டையில் எப்போது நுழைய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், சொன்னது கிண்டலா நிஜமா என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படாத சட்டங்கள். தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் மாட்டிக்கொள்வார். இந்த விளையாட்டில் அந்தச் சட்டங்கள் வெளியே வந்துவிடுகின்றன. "உன் முறை" என்று ஒருவர் சொல்கிறார். கேள்வியும் கையில் தரப்படுகிறது. தப்பாகச் சொன்னாலும் அது பாத்திரத்தின் தப்பு.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள பெரியவர்களைச் சிறு குழுக்களாகச் சில வாரங்கள் இதை விளையாட வைத்து, பிறகு பேட்டி கண்டார்கள். 2024இல் முடிவு வெளியானது. நடிக்காமல், மறைக்காமல் மற்றவர்களோடு இருக்க முடிந்தது என்று விளையாடியவர்கள் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு ஆட்டிசத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். தவிர, ஆட்டிசம் மருந்து கொடுத்து மாற்ற வேண்டிய நோயும் அல்ல.

ஆனால் பகடையை உருட்டிவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடாது. சத்தமாகப் பேசுகிற இரண்டு பேர் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அனுபவமுள்ளவர்கள் விளையாட்டுக்கு முன்பே ஒருமுறை கூடிப் பேசிவிடுகிறார்கள்: எவ்வளவு நேரம், என்ன மாதிரிக் கதை, எந்த விஷயம் வேண்டவே வேண்டாம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் எக்ஸ் கார்டு என்று ஒன்றை யோசித்தார். எக்ஸ் எழுதிய அட்டை மேஜை நடுவில் இருக்கும். கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும், அந்தக் காட்சி மாறிவிடும். ஏன் என்று கேட்கக்கூடாது. பேச்சு வராதவருக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

நம் அறைக்கு வருவோம். டிராகன் வேண்டாம். கதை இப்படித் தொடங்கட்டும்: ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பஸ் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் நின்றுவிட்டது, டிரைவரைக் காணோம், டேஷ்போர்டில் ஒரு சாவி மட்டும் இருக்கிறது. பேசாத பெண்ணுக்கு வரைபடம் வைத்திருக்கும் பாத்திரம். அவள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தாளில் ஒரு கோடு இழுத்து, 'இந்த வழி' என்று காட்டினாலே அது அவளுடைய பதில். ஒடிசாக்காரப் பெண் தன் மொழியில் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவள் மாற்றிச் சொல்லட்டும். யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள்; அந்த நிமிடத்தில் "சீக்கிரம் சொல்லுடி" என்று யாரும் உசுப்பக்கூடாது. "இந்தத் தடவை நான் பார்க்கிறேன்" என்றால் அதுவும் ஓர் ஆட்டம். பகடைக்குத் தாயக்கட்டையே போதும். அதுவும் இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக்கொள்ளலாம், நம் பாட்டிமார் செய்ததுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவளுக்கு என்ன பிரச்சினை என்று விசாரித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஆட்டிசத்தை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆனால் மேஜையில் உட்கார யாரும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. அவளைக் குணப்படுத்துவதும் உங்கள் வேலை அல்ல. மனம் மிகவும் தளர்ந்து யாராவது தவித்தால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

விடுதி வார்டன்களுக்கும், மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழா என்றால் கயிறு இழுக்கும் போட்டி, மியூசிக்கல் சேர், பாட்டு என்று ஏற்பாடு செய்கிறீர்கள். எல்லாமே கூட்டத்துக்கு முன்னால் நிற்கத் துணிந்தவர்களுக்கானவை. வாரவிடுமுறை நாளில் பொது அறையின் ஒரு மூலையில் ஒரு மேஜையும் ஆறு நாற்காலியும் இரண்டு மணி நேரமும் ஒதுக்குங்கள். டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.