தொடர்பாடற் கல்வியும் இளைஞர் கடனும்

(களுதாவளையில் நடைபெற்ற மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மருத்துவம் பயில்கிறோம் என்றால் ஊரார் மகிழ்வர். பொறியியல் என்றால் பெருமை கொள்வர். ஆசிரியத் தொழில் என்றாலும் பெற்றோர் நெஞ்சம் நிம்மதி அடையும். ஆனால், பல்கலைக்கழகத்திலே தொடர்பாடல் பயில்கிறோம் என்று நாம் சொன்னால், "பேசுவதற்கும் ஒரு பட்டமா, தம்பி?" என்று பெரியோர் கேட்கின்றனர். இக்கேள்வியிலே பிழை ஒன்றுமில்லை. பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு துறைக்குக் கொடுக்கும் பெற்றோருக்கு அத்துறையின் பயனைக் கேட்க உரிமை உண்டு. அக்கேள்விக்கு மறுமொழி சொல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தொடர்பாடல் என்பது யாது? 1948ஆம் ஆண்டிலே ஹரோல்ட் லாஸ்வெல் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை ஐந்து கேள்விகளாக வகுத்தார். சொல்பவர் யார்? சொல்வது என்ன? எவ்வழியாகச் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? அதனால் விளைந்தது என்ன? அதே ஆண்டிலே குளோட் ஷனன் என்னும் கணித அறிஞர், செய்தி செல்லும் வழியிலே அதனைக் கெடுக்கும் 'இரைச்சல்' பற்றி ஆராய்ந்தார். தொலைபேசிக் கம்பியிலே கேட்கும் இரைச்சலை மனத்திற்கொண்டே அவர் எழுதினார். எனினும், விளங்காத சொல்லும், அச்சமும், பழைய பகையுங்கூட மனிதர் நடுவே இரைச்சலாக நின்று செய்தியைக் கெடுப்பதை நாம் அறிவோம்.

எமது ஊரின் நிலையை வைத்தே இதனை நோக்குவோம். வெற்றிலைக் கொடியிலே நோய் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மருந்து உண்டு என்று ஓர் அலுவலகம் அறிவித்தல் ஒட்டுகிறது. அறிவித்தலிலுள்ள தமிழ் தோட்டக்காரருக்கு விளங்காத தமிழ். ஒட்டிய சுவரோ அவர் போகாத சுவர். அலுவலகத்தின் ஏட்டிலே 'அறிவிக்கப்பட்டது' என்று பதிவாகும். தோட்டத்திலே கொடி கருகும். லாஸ்வெல் கேட்ட ஐந்தாவது கேள்வியை அங்கே எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டு, அதற்கேற்பச் சொல்லையும் வழியையும் திருத்தும் பயிற்சியே இக்கல்வி.

இஃது எமக்கு முற்றிலும் புதியதும் அன்று. வள்ளுவர் பொருட்பாலிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், தூதுக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். வாய்மையையோ அவற்றுக்கெல்லாம் முன்பாக அறத்துப்பாலிலே வைத்துவிட்டார். கம்பன் காட்டும் அனுமன், இலங்கையிலிருந்து மீண்டு இராமன்முன் நின்றபோது, சீதையைக் கண்டேன் என்பதையே முதலிற் சொன்னான். மற்றவற்றைப் பின்னே சொன்னான். துன்புற்றிருப்பவன் முதலிலே கேட்க ஏங்குவது எது என்பதை அறிந்து பேசினான். முதன்மையான செய்தியை முதல் வரியிலே வை என்று இன்று செய்தித்துறை மாணவருக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே.

அடுத்து, ஆறுமுக நாவலரை எண்ணிப் பார்ப்போம். 1841இலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கினர். நாவலரோ மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலே கற்றவர். பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர். அச்சு இயந்திரமும் மேடைப் பிரசங்கமும் எத்துணை வலியன என்பதை அருகிலிருந்து கண்ட அவர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அச்சுக்கூடமும் நிறுவினார். எமது மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலாநந்தரும் புனித மிக்கேல் கல்லூரியிலே பயின்றவரே. இராமகிருஷ்ண மடத்தின் பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மிஷன் பள்ளியிலே எழுத்துக் கற்ற எம் போன்றோருக்கு இவ்விருவரும் காட்டிய வழி தெளிவானது. கருவியை எவரிடமும் கற்கலாம். அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும்.

அன்பர்களே! இக்கல்வியின் தேவையை எமக்கு மிகக் கொடிய முறையிலே உணர்த்திய நாள் ஒன்று உண்டு. அது 2004 டிசம்பர் 26. அன்று காலை ஏறக்குறைய 7 மணிக்குச் சுமாத்திராவின் அருகே கடலடி நடுங்கியது. ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள்ளேயே அந்நடுக்கத்தைப் பற்றிய குறிப்பை வெளியிட்டது. அக்குறிப்போ பசுபிக் நாடுகளுக்குரியது. இந்து சமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கை அனுப்ப ஒழுங்கான வழி எதுவும் அந்நாளிலே இருக்கவில்லை. அலை எமது கிழக்குக் கரைக்கு வந்துசேர ஒன்றரை மணி நேரம் அளவு சென்றது. அந்த ஒன்றரை மணி நேரமும் வீணாயிற்று. இலங்கையிலே 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவே வாழும் எழுவான்கரை மக்களாகிய எமக்கு, ஒரு செய்தி அரை மணி நேரம் முந்தி வருவதன் பெறுமதியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாளிலே புதுச்சேரிக் கரையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்திலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலே தொழில் செய்துகொண்டிருந்தார். சுனாமிச் செய்தியை அறிந்ததும் தம் வீட்டுக்குத் தொலைபேசியிலே அழைத்து, ஊரை எச்சரிக்கச் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த அறிவு நிலையத்தின் ஒலிபெருக்கியிலே உடனே அறிவித்தல் செய்யப்பட்டது. 3,600 அளவான ஊரார் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர்.

ஒலிபெருக்கி எங்கும் உண்டு. எமது கோயில் திருவிழாவிலும் உண்டு. அப்படியாயின் நல்லவாட்டு மக்கள் அந்த ஒரு குரலைக் கேட்டவுடன் ஓடியது ஏன்? அந்நிறுவனத்தின் நிலையங்கள் மீனவருக்குக் கடல் அலையின் உயரத்தையும், காலநிலையையும், சந்தை விலையையும் ஒலிபெருக்கியிலே அறிவித்து வந்தவை. அக்குரல் பயனுள்ளதைச் சொல்லும் என்பதை மக்கள் தம் தொழிலிலே கண்டிருந்தனர். ஆகவே, ஆபத்து வந்த அன்று, "இது மெய்யா?" என்று நின்று விவாதிக்க அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. நம்பிக்கை என்பது சிறுகச் சிறுகச் சேர்த்த முதல். நெருக்கடி நாளிலே செலவு செய்ய அது கையிலே இருத்தல் வேண்டும். அன்றைக்கென்று எவரிடமும் இரவல் வாங்க முடியாது. தொடர்பாடற் கல்வியின் சாரம் இதுவே என்பது எமது துணிபு.

நிலநடுக்கத்துக்கு மிக அருகே கிடந்த சிமெலுவே என்னும் தீவிலே ஒலிபெருக்கியும் உதவவில்லை. பாட்டியர் கதையே உதவியது. 1907இலே அங்கே பேரலை வந்தது. நிலம் நடுங்கிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்னும் பாடத்தை அம்மக்கள் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இலே அத்தீவில் வாழ்ந்த 70,000க்கு மேற்பட்டோரில் இறந்தவர் எழுவர் எனப் பதிவாகியுள்ளது. இரவு முழுவதும் களரியைச் சுற்றியிருந்து வடமோடியும் தென்மோடியும் பார்த்து வளர்ந்த எமது மக்களுக்கு, பாட்டு நெடுங்காலம் நினைவிலே நிற்கும் என்பதை நாம் விளக்க வேண்டுமோ?

இனி, 'மக்கள் தொடர்பு' என்னும் தொழிலைப் பற்றிச் சொல்லல் வேண்டும். நிறுவனத்துக்கும் மக்களுக்கும் நடுவே நின்று பேசுவதே அத்தொழில். அதனைக் கூலிக்குப் புகழ் பாடுதல் என்று சிலர் இகழ்வர். அவ்விகழ்ச்சிக்கும் காரணம் உண்டு. இத்துறையின் முன்னோடியான ஐவி லீ என்பவர், 1906இலே பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை விடுத்து, திருத்தமான செய்தியை விரைந்து தருவோம் என்று உறுதி கூறினார். அதே மனிதர் 1914இலே கொலராடோச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது முதலாளிமாரின் சார்பிலே வெளியிட்ட பிரசுரங்களிற் பிழையான தகவல்கள் இருந்தன. அப்பழி அவரை விட்டு நீங்கவில்லை. சம்பளம் ஒருபுறமும் உண்மை மறுபுறமும் இழுக்கும் நாள் இத்தொழிலிலே கட்டாயம் வரும். அன்று எப்பக்கம் நிற்பது என்பதை மாணவராக இருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

பொய்ச் செய்தியின் கொடுமையை அறிய அமெரிக்காவுக்குப் போகவும் வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியிலே அயல் மாவட்டமாகிய அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றிலே கருத்தடை மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்படுகிறது என்று வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது, 'மாத்திரை' என்று சொல்லப்பட்டது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. உண்மை வந்து சேருமுன் நெருப்பு வந்து சேர்ந்துவிட்டது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த எமது கரையிலே, கைத்தொலைபேசியில் வந்ததை ஆராயாமல் அயலாருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் அத்தகைய நெருப்புக்கு விறகு சேர்ப்பவரே ஆவர்.

இத்துறையை விரும்பும் தம்பி தங்கைமாருக்குச் சில சொற்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஊடகக் கற்கைகள் துறை உண்டு. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி மட்டுமே தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். வைத்தியசாலைக்கும், வங்கிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் மக்களோடு பேசத் தெரிந்தவர் தேவை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் இருத்தல் வேண்டும். குடிமகன் எழுதிக் கேட்டால், தகவல் தரப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்தல் வேண்டும். கேட்கும் முறையை ஊராருக்குக் கற்பிப்பதும் எமது பணியே.

அதற்குரிய ஆயத்தம் இன்றே தொடங்கலாம். தமிழைப் பிழையின்றி எழுதுங்கள். ஆங்கிலத்தோடு சிங்களத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். எமது குறையை அதிகாரியின் மொழியிலும் சொல்ல முடிந்தால் அது விரைவிலே தீரும். யாவற்றுக்கும் மேலாக, கேட்கப் பழகுங்கள். பேசத் தெரிந்தவர் ஊரிலே பலர். முழுதும் கேட்டபின் பேசுபவர் சிலரே.

மன்றத்துக்கும் இரு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, எல்லாரும் கூடும் ஓரிடத்திலே மன்றத்தின் பெயரால் ஒரு செய்திப் பலகை அமைப்போம். உரிய அலுவலகத்திலே கேட்டு உறுதி செய்ததை மட்டும் நாள்தோறும் அதிலே எழுதுவோம். ஓராண்டு தவறாது எழுதினால், மன்றத்தின் சொல்லுக்கு ஊரிலே மதிப்பு உண்டாகும். இரண்டாவது, 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியையும், 2004இன் பேரலையையும் கண்ட பெரியோர் எம்மிடையே இருக்கின்றனர். காற்று எத்திசையிலே மாறியது, நீர் எதுவரை வந்தது, எவ்வழியாகப் போனவர் பிழைத்தனர் என்பவற்றை அவர்கள் வாயாற் கேட்டு எழுதி, இம்மலரிலே ஆண்டுதோறும் வெளியிடுவோம். அண்ணாவிமார் விரும்பினால் அதனைக் கூத்தாகவும் ஆக்கித் தரலாம்.

2012 ஏப்ரல் 11ஆம் நாள் மீண்டும் சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியபோது, எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் இடம்பெயர்ந்தனர். நல்வாய்ப்பாகப் பேரலை வரவில்லை. கருவிகள் ஓரளவு வந்துவிட்டன. அக்கருவி வழியே வரும் சொல்லை ஊர் நம்பும்படி செய்வதே எஞ்சியிருக்கும் வேலை. "பேசுவதற்கும் ஒரு பட்டமா?" என்று கேட்ட பெரியோர்களே! நாம் பேசும்போது ஊர் எழுந்து நடக்கத்தக்க நம்பிக்கையைத் தேடிக்கொள்ளவே நாம் பயில்கின்றோம். அதற்கு உங்கள் ஆசி வேண்டும்.