பெயரிலே பிறக்கும் பற்று

கடைக்குச் செல்லும் ஒருவர் "சவர்க்காரம் ஒன்று தாருங்கள்" என்று மட்டும் கேட்பது அரிது. ஒரு பெயரைச் சொல்லியே கேட்பார். அப்பெயருடையது தீர்ந்துவிட்டதாயின், அதே நிறையும் அதே விலையும் உள்ள வேறொன்று கண்ணெதிரே இருப்பினும், அடுத்த கடையை நாடி நடப்பாரும் உளர். எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் ஒரு சிறு கட்டியின் மீது மனிதருக்கு இத்துணைப் பற்று எவ்வாறு பிறந்தது? அழகுப் பொருள்களை விற்போர் அதனை எவ்வாறு வளர்த்தனர்? சவர்க்காரத்தின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே வீட்டுப் பாவனைக்குரிய சவர்க்காரம் பெரும்பாலும் பெயரின்றியே விற்கப்பட்டது. நீண்ட பாளங்களாகக் கடைக்கு வரும். கடைக்காரர் அதனை வெட்டி, நிறுத்துக் கொடுப்பார். பொருள் நல்லதோ, கலப்புடையதோ என்பதற்கு அவருடைய வாய்மொழியே சான்று. 1853ஆம் ஆண்டிலே சவர்க்கார வரி நீக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டிலே வியாபாரக் குறிகளைப் பதிவு செய்வதற்குரிய சட்டம் இயற்றப்பட்டது. இந்தச் சூழ்நிலையிலேதான் வில்லியம் ஹெஸ்கெத் லீவர் என்னும் வணிகர் 1884இல் "சன்லைட்" என்னும் பெயரைத் தமதாக்கிக்கொண்டார்.

இதில் ஒரு விந்தை உண்டு. அவரிடம் அப்பொழுது சவர்க்காரத் தொழிற்சாலையே இல்லை. பிறர் செய்த பொருளை வாங்கித் தம் பெயரில் விற்றார். தாமே செய்யத் தொடங்கியது அடுத்த ஆண்டிலேதான். பெயர் முன்னே வந்தது. பொருள் பின்னே வந்தது. சவர்க்காரத்தைச் சிறு கட்டிகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலுறையிட்டு விற்றார். அதிலே கலப்படம் உண்டென நிரூபிப்பவருக்கு ஆயிரம் பவுண் தருவதாக அறிவித்தார். மேலுறைகளைச் சேர்த்து அனுப்புவோருக்குப் பரிசுகளும் வழங்கினார். இவ்வாறு, கடைக்காரர் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை மெல்ல மெல்ல மேலுறையின் மீது சென்று படிந்தது.

இதனை ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாகாது. பெயர் என்பது ஒரு பிணை. இன்று வாங்கியது நாளையும் அதே தரத்தில் இருக்கும் என்பதற்கு அது உறுதி கூறுகிறது. தரம் குன்றினால் மக்கள் அப்பெயரையே வெறுப்பர் என்னும் அச்சம் உற்பத்தியாளரையும் நெறியில் நிறுத்துகிறது. எனவே இந்த முதற்படியிலே வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவருக்கும் நன்மை உண்டு.

இரண்டாவது படி இதனின் வேறானது. இலண்டனிலே 1807ஆம் ஆண்டு முதல் விற்கப்பட்டு வந்த பியர்ஸ் சவர்க்காரத்தின் விளம்பரப் பொறுப்பைத் தோமஸ் பராட் என்பவர் ஏற்றிருந்தார். 1882இல் லில்லி லாங்ரி என்னும் புகழ்பெற்ற நாடக நடிகையின் பாராட்டுரையை அவர் விளம்பரமாக்கினார். பின்னர், ஜோன் எவரெட் மில்லே என்னும் ஓவியர் 1886இலே தம் பேரக்குழந்தையை வரைந்த ஓவியம் ஒன்றை 2,200 பவுண் கொடுத்து உரிமையுடன் வாங்கினார். நுரைக் குமிழியை ஊதிவிட்டு அண்ணாந்து பார்க்கும் அச்சிறுவனின் காலடியில் ஒரு சவர்க்காரக் கட்டியைச் சேர்த்து நாடெங்கும் பரப்பினார். ஓவியத்தின் அழகும் மழலையின் தூய்மையும் சவர்க்காரத்தின் குணங்களாகிவிட்டன. பொருளில் இல்லாத ஒன்றைப் பொருளோடு பிணைத்துக் காட்டும் வித்தை இதுவே.

இவ்வித்தைக்கு வானொலியும் திரைப்படமும் பெருந்துணை புரிந்தன. லீவர் கம்பனியின் லக்ஸ் சவர்க்காரம், பத்துத் திரை நட்சத்திரங்களில் ஒன்பதின்மர் தன்னையே பாவிப்பதாக அமெரிக்காவிலே பறைசாற்றியது. 1934 முதல் 1955 வரை அங்கே "லக்ஸ் வானொலி அரங்கு" என்னும் நாடக நிகழ்ச்சியை நடத்தி, நட்சத்திரங்களின் குரலை வீட்டுக் கூடத்துக்கே கொண்டு சென்றது. இந்தியாவிலே 1941இல் லீலா சிட்னிஸ் என்னும் நடிகை அதன் விளம்பரத்தில் தோன்றினார். தலைமுறைக்குத் தலைமுறை நடிகையர் மாறினர், பெயர் மாறவில்லை. நம் கொழும்பு வானொலிக்கும் இக்கதையிலே பங்குண்டு. 1952இல் இங்கிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கி இந்தியாவெங்கும் கேட்கப்பட்ட "பினாக்கா கீத்மாலா", ஒரு பற்பசையின் பெயரையே தாங்கியிருந்தது. விருப்பமான பாடலைக் கேட்ட மகிழ்ச்சியோடு பற்பசையின் பெயரும் நெஞ்சிலே பதிந்தது.

நம்பிக்கையினால் ஒரு பற்று. நயத்தினால் ஒரு பற்று. மூன்றாவதாக, அச்சத்தினால் விளையும் பற்றும் ஒன்று உண்டு. நாம் விழிப்பாயிருக்க வேண்டியது இங்கேதான்.

பியர்ஸ் விளம்பரங்களுள் 1880களில் வெளிவந்த ஒன்று, கறுப்பு நிறக் குழந்தையின் உடல் குளித்தபின் வெண்ணிறமாவதாகச் சித்திரித்தது. அழுக்கையும் நிறத்தையும் ஒன்றாக்கிய கொடுமை அது. அந்த எண்ணம் அக்காலத்தோடு மறைந்துவிடவில்லை. 1975இல் இந்தியாவிலே இந்துஸ்தான் லீவர் கம்பனி "ஃபெயார் அன்ட் லவ்லி" என்னும் முகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறம் மங்கிய பெண்ணுக்கு வேலை கிடையாது, மணம் கூடாது. பூச்சைப் பூசினாலோ எல்லாம் கைகூடும் என்பதே அதன் விளம்பரங்கள் பலவற்றின் சாரம். 2003இல் மாதர் இயக்கத்தின் எதிர்ப்பினால் அத்தகைய விளம்பரங்கள் சில கைவிடப்பட்டன. 2020இலே வெண்மையைக் குறித்த சொல் நீக்கப்பட்டு, "குளோ அன்ட் லவ்லி" எனப் பெயர் மாற்றப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் வளர்த்த பெயரை ஒரு கம்பனி மாற்றியதென்றால், மக்களின் மறுப்புக்கும் வலிமை உண்டு என்பது தெளிவாகும்.

எனினும், குறை முழுவதையும் கம்பனியின் தலையிலே சுமத்திவிட முடியாது. பெண் பார்க்கச் செல்லும்போது "பிள்ளை என்ன நிறம்?" என்று முதலிலே கேட்பவர்கள் நாமே. மணமகள் தேவை விளம்பரத்திலே நிறத்தை எழுதிக் கொடுப்பவர்களும் நாமே. நம் வாயிலிருந்து புறப்பட்ட சொல்லையே வணிகர் அழகிய உறையிலிட்டு நமக்கு விற்றனர். பத்து வயதுச் சிறுமி கண்ணாடி முன் நின்று தன் நிறத்தை எண்ணி வாடுவாளாயின், அவ்வாட்டத்துக்கு விதை வீட்டிலும் ஊன்றப்பட்டிருக்கும்.

ஆகவே நேயர்களே, பெயர் பார்த்து வாங்குவதிலே தவறில்லை. நல்ல பொருளுக்குரிய பெயரை நம்புவது அறிவுடைமையே. நடிகையின் படத்தைக் கண்டு மகிழ்ந்து ஒரு சவர்க்காரத்தை வாங்குவதிலும் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் "நீ இப்போது இருக்கும் நிலையிலே குறையுடையவள்" என்று சொல்லி ஒரு பொருள் நம்மை அழைக்குமாயின், அதை வாங்குமுன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். நம் பெண்மக்களுக்கு அவ்வாறு நின்று சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதோடு, நிறத்தைக் கொண்டு அவர்களை அளப்பதையும் நாம் இன்றே கைவிடுதல் வேண்டும்.