நீலப் புகையும் சங்கத்தின் பணமும்

1948-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் கம்பெனியார் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 மோட்டார் வண்டிகளைப் பூட்டி வெளியிட்டனர். அவ்வண்டியின் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அமைந்தவை. இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகளிலும் அவ்வாறே. வால்வின் தண்டு ஏறியிறங்கும் குழலுக்குக் 'கைடு' என்று பெயர். அது தேய்ந்தால் மேலுள்ள எண்ணெய் இடுக்கின் வழியே இறங்கி எரிந்து, நீலப் புகையாக வெளிப்படும்.

புகையைக் கண்ட மாத்திரத்தில் பிஸ்டன் ரிங்குகளை மாற்றிச் சங்கத்தின் பணத்தை விரயஞ் செய்தலாகாது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கியபின் மீண்டும் மிதிக்கும்போதும் புகை குபீரென்று எழுமாயின், கைடைச் சந்தேகிக்கலாம்.

முதலில் சிலிண்டரின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். அது குறைந்திருந்து, சிறிது எண்ணெய் விட்டபின் உயருமாயின், குற்றம் ரிங்குகளுடையது. அழுத்தம் சரியாயிருப்பின், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை நீக்கி, வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுந்திருந்தால் கைடு தேய்ந்ததென்று அறியலாம். ஆட்டமில்லையேல், தண்டின்மேலுள்ள எண்ணெய் ஸீல் கெட்டிருக்கக்கூடும். அதற்குச் செலவு சொற்பமே.

பரீட்சித்த பின்னரே செலவிடுதல் பொதுப்பணத்தைக் காக்கும் நெறியாகும்.