குழாயில் கேட்ட கேள்வியும் குடலில் உள்ள நொதியும்



இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துவிட்டுத்தான் மேடையேறியிருக்கிறேன். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. ஒரு மூலிகையின் இலையோ பட்டையோ எடுத்து மெத்தனாலில் சாறு இறக்கியிருக்கிறார்கள். டிபிபிஎச் சோதனை செய்திருக்கிறார்கள். மொத்த ஃபீனால் அளவைக் கணித்திருக்கிறார்கள். பிறகு ஒன்றிரண்டு நொதிகளை அந்தச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். கடைசி வரியில், இந்த மூலிகை நீரிழிவுக்கு மருந்தாகக்கூடும் என்று முடித்திருக்கிறார்கள். உழைப்பு மெய்யானது, அளவீடுகளும் கவனமானவை. ஆனால் அந்தக் கடைசி வரிக்கும் அதற்கு முந்தைய வரிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் வழிபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

டிபிபிஎச் என்ற மூலக்கூறு 1922இலேயே ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டுவிட்டது. ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளக்க அதைப் பயன்படுத்தலாம் என்று 1958இல் பிளாய்ஸ் 'நேச்சர்' இதழில் எழுதினார். கரைசல் அடர் ஊதா நிறத்தில் இருக்கும். எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ தரக்கூடிய பொருளைச் சேர்த்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று படித்தால் போதும். செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கும் எந்தச் சிற்றூர்க் கல்லூரியிலும் செய்யலாம். நம் மாணவர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ஆய்வின் வாசலைத் திறந்துவிட்டது இந்தச் சோதனை. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் டிபிபிஎச் நம் உடலில் எங்கும் இல்லாத பொருள். அதை வெளுக்கச் செய்வது ஒரு சாற்றின் வேதித்தன்மையைக் காட்டும். மருத்துவக் குணத்தைக் காட்டாது. கடுக்காய்ச் சாறு ஏறக்குறைய எல்லாப் பட்டியல்களிலும் முன்வரிசையில் நிற்கக் காரணம் அதிலுள்ள டானின்கள். அந்தப் பெரிய மூலக்கூறுகள் குடலைத் தாண்டி அப்படியே இரத்தத்துக்குப் போவதில்லை. குடல் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து யூரோலித்தின் என்ற சிறு பொருள்களாக்குகின்றன. உடலுக்குள் போய் வேலை செய்யும் பொருள் எது என்று தேடினால், குழாயில் நாம் அளந்ததிலிருந்து அது வேறாக இருக்கிறது. மொத்த ஃபீனால் அளவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃபோலின்–சியோகால்டு வினைபொருள் 1927இல் டைரோசின், டிரிப்டோஃபான் ஆகிய அமினோ அமிலங்களை அளக்கவென்று வந்தது. 1965இல்தான் அது திராட்சை மதுவின் ஃபீனால்களை அளக்கும் முறையாக உருப்பெற்றது. வைட்டமின் சியும் அதை நீலமாக்கும். நெல்லிக்காயில் கிடைத்த எண் முழுவதையும் ஃபீனால் கணக்கில் எழுதினால் கணக்குத் தவறும்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதெல்லாம் நன்மையே என்ற நம்பிக்கைக்கு உலகம் கொடுத்த விலையையும் நினைவில் வைக்க வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் அது 28 விழுக்காடு கூடியதால், 1996இல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். குழாயில் கரோட்டின் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். புகைபிடிப்பவரின் நுரையீரலில் அதன் கதை வேறாகிவிட்டது. நம் காலத்தின் ஆகச் சிறந்த மூலிகை மருந்து என்று நான் கருதும் ஆர்ட்டெமிசினினையும் எண்ணிப் பாருங்கள். சீனத்தின் தூ யோயோவுக்கு 2015இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த மூலக்கூறுக்குள் ஒரு பெராக்சைடுப் பாலம் இருக்கிறது. மலேரியாக் கிருமிக்குள் இருக்கும் இரும்பைத் தொட்டதும் அது உடைந்து தனி உறுப்புகளை உண்டாக்கிக் கிருமியைக் கொல்கிறது. டிபிபிஎச் தட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் செடி நம் கையை விட்டே போயிருக்கும்.

இனி நொதிகளுக்கு வருகிறேன். இந்த மாநாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாம் உண்ணும் சோற்றின் மாவுப்பொருளை அமைலேஸ் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகளைச் சிறுகுடல் விரல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஆல்ஃபா குளூக்கோசிடேஸ் நொதிகள் குளூக்கோஸாக்குகின்றன. அவற்றின் வேகத்தைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். ஆக்டினோபிளேன்ஸ் என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த அகார்போஸ் இப்படித்தான் நீரிழிவு மருந்தானது. ஆகவே நம் ஆய்வுகளிலும் அகார்போஸை ஒப்பீட்டுப் பொருளாக வைப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே வந்திருக்கும் கட்டுரைகளிலும், எங்கள் சாறு அகார்போஸைவிடப் பல மடங்கு வலிமையானது என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது.

எந்த நொதியோடு ஒப்பிட்டார்கள் என்று செய்முறைப் பகுதியைப் புரட்டினேன். பெரும்பாலும் ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி. விலை மலிவு, எளிதில் கிடைக்கும் என்பதால் அதை வாங்குகிறோம். ஆனால் ஈஸ்டின் ஆல்ஃபா குளூக்கோசிடேஸும் நம் குடலின் நொதிகளும் வெவ்வேறு புரதக் குடும்பங்களைச் சேர்ந்தவை. பாலூட்டிகளின் குடல் நொதியை மிகக் குறைந்த செறிவிலேயே அடக்கிவிடும் அகார்போஸ், ஈஸ்ட் நொதியிடம் வலுவிழந்து நிற்கிறது. அந்தக் களத்தில் அகார்போஸை எந்தத் துவர்ப்புப் பட்டையும் வென்றுவிடும். அந்த வெற்றியால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. எலிக்குடல் அசிட்டோன் பொடி சந்தையில் கிடைக்கிறது. வினைக்குட்படும் பொருளாக மால்டோஸையும் சுக்ரோஸையும் வைத்து, வெளிவரும் குளூக்கோஸை அளக்கலாம். செலவு கொஞ்சம் கூடும். விடை உண்மைக்கு அருகில் வரும். செறிவான சாறுகளுக்கே மஞ்சள் நிறம் இருப்பதால், வழக்கமான சோதனையின் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் படிக்கும்போது சாற்றுக்கென்று தனி வெற்றுச் சோதனையும் வேண்டும். சில கட்டுரைகளில் அது இல்லாதது எனக்கு வருத்தம் தந்தது.

டானின்களைப் பற்றி இன்னொரு சொல். தோலைப் பதனிடப் பயன்படும் அந்தப் பொருள்கள் எந்தப் புரதத்தையும் பற்றிக்கொண்டு படியவைக்கும். நொதியும் புரதம்தானே! வேறுசில பொருள்கள் கரைசலில் திரண்டு கூழ்மத் துகள்களாகி நொதியை ஒட்டுமொத்தமாக உறிஞ்சிக்கொள்கின்றன. பிரையன் ஷாய்க்கெட்டின் குழு 2002இல் இதை விளக்கியது. டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரப் பொருளை 0.01 விழுக்காடு சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதே எளிய பரிகாரம். தடுப்புத் திறன் அதோடு மறைந்துவிட்டால், நாம் பார்த்தது அந்த நொதிக்கே உரிய தடுப்பு ஆகாது. ஒரு சொட்டில் தெரிந்துவிடும் இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மாணவர் தம் முனைவர் பட்டத்தின் ஆண்டுகளைச் செலவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் கடந்து நின்ற மூலிகை உண்டா? உண்டு. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களத்தில் வழங்கும் சலாசியா ரெட்டிகுலேட்டா. நம் சித்த மருத்துவர்களுக்கு அது கடலழிஞ்சில். அதன் கட்டையைக் குடைந்து குவளையாக்கி, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது அங்கே நீரிழிவுக்கு மரபான முறை. 1997இல் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் யோஷிகாவா குழுவினர் அதிலிருந்து சலாசினோலையும், மறு ஆண்டில் கோட்டலனோலையும் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் அமர்ந்து, மின்னேற்றத்தோடு நிற்கும் அபூர்வ அமைப்பு அது. எலிக்குடல் நொதிகளைத் தடுப்பதில் சலாசினோல் அகார்போஸுக்கு இணையாக நின்றது. பின்னர் கனடாவில் மனிதக் குடல் நொதிக்குள் இந்த வகை மூலக்கூறுகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் படிக வடிவிலேயே கண்டார்கள். 2005இல் இலங்கையில் நீரிழிவு நோயாளிகள் 51 பேரிடம் இரட்டை மறைவு முறையில் இந்த மூலிகைத் தேநீரைக் கொடுத்து ஆய்ந்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் குவளையிலிருந்து மூலக்கூறுக்கும், மூலக்கூறிலிருந்து நோயாளிக்கும் அறுபடாமல் ஓடும் பாதை அது. அந்தப் பாதை தண்ணீர்க் குவளையில் தொடங்கித் தேநீரில் முடிந்தது என்பதைக் கவனியுங்கள். மின்னேற்றமுள்ள சலாசினோல் நீரில் நன்றாகக் கரையும். ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வாளர் கையில் அது அகப்படாது. எட்டுக்கு ஒன்றாய் வற்றக் காய்ச்சிக் குடிநீராக்கு என்று மருத்துவர் சொன்னால், முதலில் அப்படியே காய்ச்சிப் பார்ப்பதுதான் முறை.

கீழாநெல்லியின் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை. மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் அரைத்துக் கொடுத்த செடி. கல்லீரல் அழற்சி பி வைரஸின் மேற்புரதத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க், வெங்கடேசுவரன், மில்மன் ஆகியோரோடு சேர்ந்து, இந்தச் செடியின் சாறு அந்த வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது என்று 1987இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் சென்னையிலிருந்து எஸ்.பி. தியாகராசன் குழுவின் கட்டுரை வந்தது. கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 1990இல் தாய்லாந்திலும், பிறகு வேறு இடங்களிலும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டு யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. சென்னைக் குழு துணிந்து மனிதரிடம் சோதித்தது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்கும்படி வெளியிட்டது. அதுவே பெரிய காரியம். நாம் கற்க வேண்டிய பாடம் செடியின் அடையாளத்தில் இருக்கிறது. 1987 கட்டுரை செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றது. 1988இல் அது அமாரஸ் ஆனது. நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்குரிய இனம். நம் நாட்டில் அந்தப் பெயரால் வழங்கியது அமாரஸ், ஃபிராடர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்றின் கலவை. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்பவை நிலைநிறுத்தப்படாதவரை, ஓர் ஊரின் முடிவை இன்னோர் ஊர் மறுத்தாலும் ஏற்றாலும் பொருளில்லை. அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப்பட்டை விற்கப்படுவது இங்குள்ள மருத்துவர்கள் அறிந்ததே. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சரக்கு என்று எழுதினால் போதாது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகமும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரகமும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு சான்று மாதிரியை ஒப்படைத்து, அதன் எண்ணைக் கட்டுரையில் பொறிக்க வேண்டும்.

நொதியைத் தடுப்பது எப்போதும் வரமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998இல் பெங்களூரில் மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரின் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் குர்குமின் கிடைப்பது இருபது மடங்கு உயர்ந்தது. குர்குமினை வெளியேற்றும் நொதிகளை மிளகின் காரப்பொருளான பைப்பெரின் தடுப்பதே காரணம். திரிகடுகை அனுபானமாகச் சேர்த்த நம் முன்னோரின் பட்டறிவை எண்ணி வியக்கிறேன். ஆனால் அதே பைப்பெரின் வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயினின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும். நம் நோயாளிகள் காலையில் மாத்திரையும் மாலையில் கஷாயமுமாக வாழ்கிறவர்கள். அவர்களிடம் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் ஒரு சாற்றைப் பரிந்துரைக்கக் கூடாது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின்மேல் நம் சாறுகளின் விளைவை ஆராயும் கட்டுரை இந்த மாநாட்டில் ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை ஓர் அமர்வே அதற்கு வேண்டும்.

அமர்வுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை படிப்பவரிடம் சான்று மாதிரி எண்ணையும், நொதி எந்த உயிரியிலிருந்து வந்தது என்பதையும், தடுப்பு எவ்வகையானது என்பதையும் அன்போடு கேளுங்கள். நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவைக் குறிக்கும் ஐசி50 எண், சோதனையில் சேர்த்த வினைக்குட்படும் பொருளின் செறிவுக்கேற்ப மாறும். ஆகவே தடுப்பானின் பிணைப்பு வலிமையைக் காட்டும் கேஐ மதிப்பைக் கணித்தவர்களைப் பாராட்டுங்கள். பதில் தெரியாத மாணவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவருக்கு எலிக்குடல் பொடி வாங்கித் தராத துறைக்கும் வழிகாட்டிக்கும்தான் அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டும்.

கூட்டாக ஒரு வேலையையும் முன்மொழிகிறேன். நீரிழிவுக்குரிய ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், மருதம்பட்டை முதலிய ஏழு சரக்குகளில் கடலழிஞ்சிலும் ஒன்று. தாவரவியலார் அடையாளம் உறுதிசெய்த ஒரே தொகுதிச் சரக்கை, சித்த மருத்துவர்கள் மேற்பார்வையில் ஒரே நாளில் காய்ச்சி, உறையவைத்து உலர்த்தி, ஒரே மாதிரியை எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்புவோம். ஏழும் சேர்ந்தது ஒன்று, கடலழிஞ்சில் நீக்கியது ஒன்று என இரண்டு புட்டிகள், குறியீட்டு எண் மட்டும் ஒட்டியவை. எல்லோரும் ஒரே செய்முறையில் குடல் நொதியோடு சோதித்து எண்களை ஓரிடத்தில் வைப்போம். நம் ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது அப்போது தெரியும். குடிநீரின் வேலையில் கடலழிஞ்சிலின் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். இதில் சேர விரும்பும் துறைகள் இன்று மாலைப் பொதுக்குழுவில் பெயர் கொடுக்கலாம். செய்முறையின் முதல் வரைவைச் செயலரிடம் ஒப்படைத்திருக்கிறேன்; திருத்தங்களைத் தாராளமாக எழுதுங்கள். இப்போது முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.