ஆகாயத்துக் கண்ணும் ஏழை வீடும்

(எக்கியார்குப்பம் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், போலீசார் ஆகாயத்தில் பறக்கவிடும் டிரோன் என்னும் யந்திரத்தைப் பற்றியும், அதன் கீழே கிடக்கும் நம் வீடுகளின் மானத்தைப் பற்றியுமாகும். இதைப் பட்டணத்தில் பேசாமல் உப்பளத்து ஓரத்துக் குப்பத்தில் வந்து பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்லுகிறோம்.

முதலாவது, நாம் யந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டத்தார் அல்ல. கடலுக்குப் போன படகு திரும்பாதபோது தேடுவதற்கும், 2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெங்கல் புயலைப்போல் வெள்ளம் சூழ்ந்த காலத்தில் சிக்கிக்கொண்டவர்களைக் கண்டுபிடிப்பதற்கும் டிரோன் மிகவும் உபயோகமான கருவி. சென்னைப் போலீசார் 2023 ஜூன் மாதத்தில் ரூ. 3.6 கோடி செலவில், 9 டிரோன்களைக் கொண்டு, இதற்கென்று ஒரு தனிப்பிரிவையே ஆரம்பித்தார்கள். கூட்ட நெரிசலையும் கடற்கரையையும் பார்க்க அது பயன்படுமானால் நமக்கு ஆட்சேபணை இல்லை. கூட்டத்தைப் பார்க்கப் போன கண் குடிசைக்குள் எட்டிப்பார்த்தால் அதைக் கேட்பார் யார் என்பதுதான் நமது கேள்வி.

தோழர்களே! “மேலே இருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்” என்று சொல்லித்தானே இத்தனை காலம் நம்மைப் பயமுறுத்தி வைத்தார்கள்? சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான் என்றார்கள். அந்தக் கணக்கு ஏழைக்கும் பெண்ணுக்கும் கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் எழுதப்பட்டதே தவிர, மிராசுதாரனுக்கும் மடாதிபதிக்கும் எழுதப்பட்டதாகக் காணோம். பார்த்துக்கொண்டே இருந்தவன் ஒரு தீண்டாமைக் கொடுமையையாவது தடுத்தானா? அந்தப் பயத்திலிருந்து இப்பொழுதுதான் கொஞ்சம் தலைதூக்கியிருக்கிறோம். அதற்குள் மனிதன் செய்த கண் ஒன்று அதே இடத்தில் போய் உட்காருகிறது. கடவுளையே கேள்வி கேட்டவர்கள் இதைக் கேள்வி கேட்கவேண்டாமா?

“யோக்கியனுக்கு என்ன பயம்? மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் கூச்சலிடவேண்டும்?” என்று சில அறிவாளிகள் கேட்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் இந்தக் குப்பத்தைப்போன்ற இடங்களுக்கு வந்து பார்க்கட்டும். நம் தாய்மார்கள் குளிப்பதற்குக் கட்டியிருக்கும் கீற்று மறைப்புக்கு நாலு பக்கமும் தட்டி உண்டு. மேலே கூரை உண்டா? இல்லை. ஏனென்றால் இதுவரையில் ஆகாயத்திலிருந்து எட்டிப்பார்க்க எவனும் இல்லை. மாடி வீட்டுக்காரனுக்குக் காங்கிரீட் கூரை இருக்கிறது. கதவு அடைத்த குளியலறை இருக்கிறது. ஒரே டிரோன் இரண்டு வீட்டின்மேலும் பறந்தாலும், அவன் வீட்டில் அதற்குத் தெரிவது மொட்டை மாடி. நம் வீட்டில் தெரிவது நம் பெண்களின் மானம். குளிப்பது என்ன குற்றமா? அல்லது யோக்கியமுள்ளவர்கள் குளிப்பதில்லையா? அந்தரங்கம் என்பது பணக்காரனுடைய சொகுசு அல்ல; அதுதான் ஏழையின் சுயமரியாதை.

சட்டம் என்ன சொல்லுகிறது? ஒருவனைக் கைதுசெய்ய போலீசார் ஒரு வீட்டுக்குள் நுழைவதானாலும், வெளியாருக்கு முன் வராத வழக்கமுள்ள பெண் இருக்கும் அறையென்றால், அவள் ஒதுங்கிக்கொள்ள முதலில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது. 2023-ல் அதற்குப் பதிலாகச் செய்த சட்டத்திலும் இருக்கிறது. வாசலில் வரும் போலீஸ்காரன் இருமிவிட்டாவது வருவான். ஆகாயத்தில் வரும் கண் யாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறது?

இதில் இன்னொரு கதையும் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-ல் கொள்ளை வழக்கொன்றில் பிடிக்கப்பட்டு, சாட்சியமில்லையென்று விடப்பட்டவர். ஆனாலும் போலீசார் அவர்மேல் கண் வைத்து, இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். இரவில் வீட்டுக்கு வந்து தொல்லை கொடுப்பது செல்லாது என்று 1962-ல் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தரங்கம் ஒரு அடிப்படை உரிமை என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சொல்லிவிட்டார்கள். அதில் சர்க்கார் தலையிடவேண்டுமானால் அதற்கொரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவுக்கு மீறாமல் இருக்கவும் வேண்டும். கதவைத் தட்டுவதே தப்பென்றால், தட்டாமலே உள்ளே பார்ப்பது எப்படிச் சரியாகும்?

பிடித்த படம் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, திருப்பூரில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களை டிரோன் துரத்தியது. அவர்கள் ஓடி ஒளிந்த படத்தில் சினிமா நகைச்சுவை வசனத்தைச் சேர்த்துப் போலீசாரே வெளியிட, ஊரெல்லாம் பார்த்துச் சிரித்தது. கூடியது தப்பாகவே இருக்கட்டும். அதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஊர் சிரிக்க வைப்பது எந்தச் சட்டத்தில் உள்ள தண்டனை? அன்று அது வெட்டவெளி. நாளைக்கு நம் வீட்டுக் கொல்லைப்புறம் என்றால்?

இனி, இந்த ஊருக்கு வந்து பேசுவதன் காரணத்திற்கு வருவோம். 2023 மே மாதத்தில் இங்கேயும், செங்கல்பட்டு ஜில்லாவிலுமாக விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் மாண்டதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, அழுதவர்கள் நீங்கள். அது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம்கூட அல்ல. தொழிற்சாலைக்கு வேண்டிய மெத்தனால் என்னும் விஷம். வயிற்றுக்குள் போனால் முதலில் கண்ணைக் கெடுக்கும். பிறகு உயிரை வாங்கும். அது ரோட்டு வழியாக வந்தது. தொழிற்சாலையின் இருப்புக் கணக்கைப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். ஆகாயத்தில் ஆயிரம் டிரோன் பறந்திருந்தாலும் தெரிந்திராது. பின்னால் சர்க்காரே என்ன செய்தது? ஜில்லா போலீஸ் சூப்பிரண்டு முதல் கீழ் அதிகாரிகள் வரை சஸ்பெண்டு செய்தது. அதாவது குற்றம் கண்ணில் இல்லை, கண் வைத்திருந்தவர்களிடத்தில் இருந்தது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அது மலையுச்சியா, காடா? ஜில்லாத் தலைநகரத்தின் நடுவில்! பார்க்க மனமில்லாதவனுக்கு இன்னும் உயரமான கண்ணைக் கொடுத்து என்ன பலன்?

கண்காணிப்பு எப்போதும் கீழ்நோக்கியே போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வைத்து, ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல், எந்த ஜாதியில் பிறந்தான் என்று பார்த்துக் கைரேகை வாங்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது. அதே புத்தி டிரோனில் ஏறிக்கொண்டு, குப்பத்தையும் சேரியையும் மட்டும் சுற்றாதென்று யார் ஜவாப்தாரி?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. குடியிருப்பின்மேல் டிரோன் பறப்பதானால், காரணத்தை எழுதி மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெறவேண்டும். உயிர் காக்கும் அவசரமென்றால் பறந்துவிட்டு மறுநாளே எழுதிக் கொடுக்கட்டும். எப்போது, எங்கே, யார் பறக்கவிட்டார் என்ற கணக்கை ஊரார் கேட்டால் காட்டவேண்டும். வழக்குக்கு வேண்டாத படத்தைக் குறித்த நாளுக்குள் அழிக்கவேண்டும். வேடிக்கைக்கு வெளியிட்டால் வெளியிட்ட அதிகாரிக்குத் தண்டனை வேண்டும்.

இதைப் பேசிவிட்டுக் கலைந்தால் போதாது. அடுத்த கிராம சபையில் தாய்மார்களே எழுந்து இதைத் தீர்மானமாகக் கொண்டுவரவேண்டும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, நம் பகுதியில் டிரோன் எப்போது பறந்தது, எடுத்த படம் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மேலே இருந்து பார்ப்பவனைக் கும்பிட்டுக் கொண்டிருந்த காலம் போதும். பார்ப்பவன் யாராயிருந்தாலும், எதற்காகப் பார்க்கிறாய் என்று கேட்கத் துணிவதுதான் சுயமரியாதை என்று சொல்லி, இதை முடித்துக்கொள்ளுகிறோம்.