ட்ரீம்லேண்ட் தியேட்டரும் எங்க ஊர்ப் பக்கத்துக் குடிசையும்

போன வாரம் 'வாட்ச்மென்' சீரிஸ் மறுபடி பார்த்தேன், 2019ல வந்தது. முதல் காட்சியே ஒரு சினிமா தியேட்டர். ஒரு சின்னப் பையன் ஊமைப்படம் பார்த்துட்டு இருக்கான், அவன் அம்மா பியானோ வாசிக்கிறாங்க. வெளியே ஊரே எரியுது.

அது கற்பனை இல்லை. அமெரிக்காவில் டல்சா நகரத்தின் கிரீன்வுட் பகுதி. கறுப்பின மக்களே நடத்திய கடைகள், ஹோட்டல்கள், லூலா வில்லியம்ஸ் என்ற பெண்மணியின் ட்ரீம்லேண்ட் தியேட்டர். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய ரெண்டே நாளில் வெள்ளையர் கும்பல் எல்லாத்தையும் கொளுத்தியது. அமெரிக்கர்கள்லயே நிறைய பேருக்கு இந்த சீரிஸ் பார்த்துதான் விஷயமே தெரிஞ்சது. மக்கள் திரும்பக் கட்டினாங்க. அப்புறம் நடுவுல நெடுஞ்சாலை வந்தது. இன்னைக்கு அந்த நெடுஞ்சாலைச் சுவத்துலயே கிரீன்வுட்டுக்கு ஓவியம் வரைஞ்சிருக்காங்க.

இதை ஏன் ஒரு கீழ்வேளூர்க்காரன் பேசணும்? எங்க தாலுகாவில்தான் கீழ்வெண்மணி இருக்கு. கூலியை உயர்த்திக் கேட்டு, சங்கம் வெச்ச தலித் விவசாயத் தொழிலாளர்கள் ஊர். 1968 டிசம்பர் 25 ராத்திரி, ராமய்யாவின் குடிசைக்குள்ள 44 பேர் எரிக்கப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நான் இன்ஜினியரிங் முடிக்கிற வரைக்கும் இதை எந்த வகுப்புலயும் கேட்டதா ஞாபகம் இல்லை.

வெண்மணி கடைத்தெரு இல்லை, கூலிக்காரங்க குடியிருப்பு. அந்த வித்தியாசம் தெரிஞ்சேதான் சொல்றேன். வெண்மணிக்கும் கலை இருக்கு. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் சாகித்ய அகாடமி விருதே வாங்கியது. ஆனா அதுல பண்ணையாரோட ஆண்மைப் பிரச்சினை பெருசாகி, கூலிப் பிரச்சினை பின்னாடி போயிடுது. எனக்கு அது உறுத்தல்தான். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படம் அப்படி இல்லை, அந்த மக்களையே பேச வைக்குது. கண்டிப்பா பாருங்க.

ஆனா ட்ரீம்லேண்ட் காட்சி என்னை ஏன் அவ்வளவு உலுக்குச்சுன்னு யோசிச்சேன். தீக்கு முன்னாடி அங்க ஒரு படம் ஓடிட்டு இருந்தது. வெண்மணின்னா எனக்குத் தீ மட்டும்தான் தெரியும்.

அதனால பாட்டிக்கு போன் போட்டேன். அவங்களும் நடவுக்குப் போனவங்கதான். "அந்தப் பேச்சு எதுக்குய்யா இப்ப"ன்னு தட்டிக் கழிச்சாங்க. நான், "தீயைப் பத்திக் கேக்கல பாட்டி, அந்த ஊர் ஆளுங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அங்கேருந்து ஒருத்தி வருவா. வயல்ல எறங்குனா அவ பாட்டுதான் முன்ன போவும். நாங்க பின்னாடியே புடிச்சிக்குவோம்."

பாட்டு ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். பொங்கலுக்கு நேர்ல வா, சொல்றேன்னாங்க. மைக்கை எடுத்துட்டுப் போறேன்.